சாலையும் வேண்டும், சரித்திரமும் வேண்டும்

(விருதுநகரில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலை வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. பட்டாசு ஆலையில் வெடி விபத்து நேர்ந்தால், தீக்காயம் பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க நல்ல சாலை எவ்வளவு அவசியம் என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்?

ஆனால் சாலையை அகலப்படுத்தும்போது, வழியில் நிற்கும் பழைய மண்டபமும் சாவடியும் நடுகல்லும் ஒரே நாளில் மண்ணாகிவிடுகின்றன. "கூலிக்காரனுக்குப் பழங்கல் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். பதில் சொல்வோம்.

சிவகாசிக்குப் பக்கத்தில், வைப்பாற்றங்கரையில் இருக்கிறது வெம்பக்கோட்டை மேடு. 2022-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் பொம்மைகளும் கிடைத்தன. சங்கை அறுத்து வளையல் செய்தது எந்த ராஜா? நம்மைப் போன்ற கைத்தொழிலாளிதான்! சாலைக்கு மண் வேண்டுமென்று அந்த மேட்டை லாரியில் அள்ளியிருந்தால், அவன் வாழ்ந்ததற்கான சாட்சியமே தாருக்கடியில் புதைந்திருக்கும்.

இதே விருதுநகரில், தேசபந்து மைதானத்தில், 1956-இல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தார். தமிழ்நாடு என்ற பெயர் அவர் கோரிக்கைகளில் ஒன்று. அக்டோபர் 13-இல் உயிர் நீத்தார். தம் உடலைக் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்கச் சொன்னார். நாளை அந்த மைதானத்தின் மேல் ஒரு மேம்பாலம் என்றால் நாம் பொறுப்போமா?

தஞ்சை மாவட்டம் மானம்பாடியில் நடந்ததைக் கேளுங்கள். சோழர் காலத்து நாகநாதசுவாமி கோயில். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்கு வழிச் சாலைக்காக அதை அகற்றத் திட்டம் வந்தது. ஊராரும் அறிஞர்களும் எதிர்த்தார்கள். சாலையிடமிருந்து கோயில் தப்பியது. பிறகு திருப்பணி என்ற பெயரில் அதைக் கல் கல்லாகப் பிரித்துப் போட்டார்கள்! உயர்நீதிமன்றம் கேட்டுக்கொண்டு வந்து பார்த்த யுனெஸ்கோ நிபுணர்கள், 2017-இல் அதைக் கண்டித்து அறிக்கை தந்தார்கள். ஒரு நாள் கோஷம் போதாது. கண்காணிப்பு தொடர வேண்டும் என்பதே பாடம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மத்திய தொல்லியல் துறையின் பட்டியலில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. ஆனால் நம் ஊர்ச் சாவடி அந்தப் பட்டியலில் இல்லையே! தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்தால் பத்திரிகையில் அறிவிப்பு வரும். நிலத்தில் பாத்தியதை உள்ளவர் 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். அந்த 21 நாளைத் தூங்கிக் கழித்துவிட்டு, புல்டோசர் வந்த பிறகு கூடி அழுது என்ன பயன்?

ஆகவே தோழர்களே, சர்வே கல் நடுவதற்கு முன்பே வேலையைத் தொடங்குவோம். ஊரில் உள்ள பழஞ்சின்னங்களைப் பட்டியலிடுவோம், படம் எடுப்போம், கிராம சபையில் தீர்மானம் போடுவோம். மண் வெட்டும் தோழர், எழுத்துள்ள கல்லைக் கண்டால் கடப்பாரையை நிறுத்திவிட்டுச் சங்கத்துக்கும் கிராம அதிகாரிக்கும் சொல்லட்டும். அதனால் வேலை நின்றால், அன்றைய கூலியைக் காண்ட்ராக்டர் தர வேண்டும் என்று கேட்போம். சரித்திரத்தைக் காப்பாற்றியவன் பட்டினி கிடக்கக் கூடாது!

கல்லைச் சுமந்தவர்கள் நாம். அதைக் காக்கும் உரிமையும் நமக்கே உண்டு.