"பசிக்கலைம்மா" என்று சொல்லும் பிள்ளை

(உயர்நிலைப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் ஆற்றிய உரை)



காலையில் தட்டில் இட்லி வைக்கிறீர்கள். "பசிக்கலைம்மா, நேரமாச்சு" என்று பிள்ளை ஓடுகிறாள். மதிய டப்பாவும் அப்படியே திரும்பி வருகிறது. ஒரு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் இப்படி என்றால் கவனிக்க வேண்டும்.

காலை வழிபாட்டில் மயங்கி விழுந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை என்னிடம் அழைத்து வந்தார்கள். ரத்தசோகை என்றுதான் நானும் நினைத்தேன். தனியே உட்கார வைத்துக் கேட்டேன். "கல்யாண வீட்ல எல்லாரும் குண்டுன்னு சிரிச்சாங்க சிஸ்டர். அன்னையிலேர்ந்து ஒரு வேளைதான் சாப்பிடறேன்" என்றாள். மூன்று மாதமாக மாதவிலக்கும் இல்லை. பெற்ற தாய்க்கு அது தெரியாது.

இது பிடிவாதமல்ல, திமிரும் அல்ல. மனமும் உடலும் சேர்ந்து படும் நோய். லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1870-களிலேயே இதற்கு 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயர் வைத்தார். ஆகவே செல்போன் வந்துதான் இது வந்தது என்று நினைக்காதீர்கள். ஆண் பிள்ளைகளுக்கும் வரும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

1. எடை குறைந்துகொண்டே வருவது. மெலிந்த பிறகும் "நான் குண்டு" என்பது.
2. மாதவிலக்கு நின்றுபோவது.
3. கை கால் சில்லிடுவது, முடி கொட்டுவது, மயக்கம்.
4. சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுப்பது. இதனால் பல் அரிக்கும். உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயமே தடுமாறும்.

பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரை ரத்தத்துக்கு நல்லது. ஆனால் 'குண்டாகிவிடுவோமோ' என்ற பயத்துக்கு அது மருந்தல்ல.

என்ன செய்யலாம்? "குண்டு", "ஒல்லிக்குச்சி" என்ற பேச்சை வீட்டில் நிறுத்துங்கள், கேலிக்காகக்கூட வேண்டாம். அடித்து ஊட்டாதீர்கள். பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரே நாளில் வயிறு முட்டக் கொடுப்பதும் ஆபத்து. உடம்பின் உப்புச்சத்துகள் நிலை தவறிவிடும். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம்.

அந்தப் பெண் இப்போது தாயோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். முழுதும் தேற இன்னும் நாளாகும். உங்கள் பிள்ளைக்கு அந்த நிலை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவே பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா, ஏன் பசிக்கலை?" என்று அன்பாகக் கேளுங்கள்.