உறங்காவில்லியின் குடை

(மல்லேஸ்வரம் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

'அன்பு' என்று தலைப்புக் கொடுத்துப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார் காரியதரிசி. 46 வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்கு அதில் பெரிய தேர்ச்சி கிடையாது. தேர்ச்சி பெற்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

உறையூர் மல்லர் உறங்காவில்லி. சுட்டெரிக்கும் வெயிலில், ஸ்ரீரங்கத்தில், மனைவி பொன்னாச்சிக்குக் குடை பிடித்துக்கொண்டு அவள் கண்களையே பார்த்தபடி நடந்தாராம். ஊரே சிரித்தது. ராமானுஜர் சிரிக்கவில்லை. கூப்பிட்டுக் காரணம் கேட்டார். இவள் கண்ணழகுக்கு ஈடில்லை என்றார் மல்லர். இன்னும் அழகான கண்களைக் காட்டுகிறேன் என்று ரங்கநாதர் சந்நிதிக்கு அழைத்துப் போனார் உடையவர்.

இதை மோகம் தெளிந்த கதையாகவே கேட்டிருக்கிறோம். ஆனால் 'குடையைக் கீழே போடு' என்று உடையவர் சொன்னதாக எந்த உபந்யாசத்திலும் நான் கேட்டதில்லை. பொன்னாச்சியும் சிஷ்யை ஆனாள். இருவரும் சேர்ந்தே கைங்கரியம் செய்தார்கள். காவேரியில் நீராடப் போகும்போது முதலியாண்டான் கையைப் பிடித்துக்கொண்டு போவாராம் உடையவர். திரும்பும்போது உறங்காவில்லியைப் பிடித்துக்கொண்டு வருவார். ஸ்நானம் செய்தபின் அந்தணரல்லாதவரைத் தொடுவதா என்று சிஷ்யர்களுக்கே மனத்தாங்கல். (நம் சங்கத்தில் இதைச் சற்று உரக்கவே சொல்லலாம்.) அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஒருத்திக்கு வெயில் படாமல் நடக்கப் பழகிய கை, வயதானவர் பிடித்துக்கொள்ளவும் பதமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் ஆத்துக்காரிக்குக் கிளாக்கோமா. வலியே இல்லாமல் ஓரப் பார்வை போய்விட்டது. போனது திரும்பாது, சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றத்தான். அவள் கதவில் இடித்துக்கொண்டபோதெல்லாம் 'பார்த்து நடக்கத் தெரியாதா?' என்று கத்தியவன் நான். சாங்கி ஏரியில் வாக்கிங் போனால் இருபது அடி முன்னால் போவேன். ஒரு நாள் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

அப்புறம் கையைப் பிடித்து இழுத்துப் போக ஆரம்பித்தேன். பார்வைக் குறைவுள்ளவர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு பெண், என் பேத்தி வயதுதான் இருக்கும், அதுவும் தப்பு என்றாள். நாம் பிடிக்கக் கூடாது. அவர்கள்தான் நம் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொள்ள வேண்டும். நாம் அரையடி முன்னால். படி வந்தால் நின்று, ஏற்றமா இறக்கமா என்று சொல்ல வேண்டும். குறுகலான இடத்தில் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் அவர்களே புரிந்துகொண்டு நமக்குப் பின்னால் வருவார்கள்.

கேட்க எளிது. எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. நின்று, சொல்லி, அப்புறம் நடப்பது என்ற வழக்கமே என்னிடம் இருந்ததில்லை.

இப்போது எட்டாவது கிராஸில் எந்த நடைபாதைக் கல் ஆடும் என்று எனக்குத் தெரியும். போன வாரம் நல்ல மழை. ஒரு கையில் குடை, மறு கையைப் பிடித்தபடி அவள். எதிரே வந்த நம் நண்பர் ஒருவர் சிரித்தார்.

"யாரு சிரிச்சா?" என்றாள். சொன்னேன்.

"சிரிக்கட்டும். குடையைக் கொஞ்சம் உங்க பக்கம் சாய்ச்சுக்கோங்கோ, நனையறேள்."