பெண்கள் நடத்தும் உணவுச்சாலை



திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் ஆழத்தைப் பற்றிப் பேசுவர். அதனைக் கைப்பற்றுவதற்காகப் பொருத போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரைப் பற்றிப் பேசுவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. அத்துறைமுகத்தின் அருகே ஒரு பெண் தனியே அமர்ந்து, அவசரமின்றி, விரும்பினால் ஒரு நூலையும் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வேளை உணவு உண்பதற்கு இடம் உண்டா என்பதே அது.

1990களின் நடுப்பகுதியில் நான் குடாவுக்கு அப்பாலுள்ள பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருந்தேன். காலையில் இறங்குதுறைக்கு வந்து, சோதனைச் சாவடியிற் பையைத் திறந்து காட்டி, மூதூர் லோஞ்சில் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும். மாலை மூன்று மணிக்குத் திரும்பி வந்து இறங்கும்போது பசி கண்ணை மறைக்கும். வீட்டுக்குச் செல்லும் பஸ்ஸுக்கோ இன்னும் ஒரு மணி நேரம் உண்டு. பஸ் நிலையத்துக்கு அண்மையில் ஒரு சைவக் கடை இருந்தது. துறைமுகத் தொழிலாளரும் கந்தோர்களிற் கடமையாற்றுவோரும் நிறைந்திருப்பர். ஒரு நாள் துணிந்து உள்ளே சென்றேன். கடைக்கார ஐயா மிகுந்த மரியாதையுள்ளவர். “ரீச்சர், பார்சல் கட்டித் தாறன், வீட்டை கொண்டுபோய் ஆறுதலாச் சாப்பிடுங்கோ” என்றார். குடும்பத்தோடு வருபவர்களுக்குத் திரையிட்ட ஒரு மூலை இருந்தது. தனியே வந்த பெண் குடும்பமாகாள் அல்லவா? எனவே திரைக்குள்ளும் இடமில்லை, வெளியிலும் இடமில்லை. பார்சலை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றேன். நின்றபடி உண்ணவும் நாணம். பசியோடு வீடு சென்றேன்.

பார்சலுக்குக் காத்திருந்தபோது கடையின் பின்வாயில் கண்ணிற் பட்டது. புகை நிறைந்த அடுக்களையில் மூன்று பெண்கள் இருந்தனர். ஒருத்தி தேங்காய் துருவிக் கொண்டிருந்தாள். ஒருத்தி மா குழைத்தாள். மற்றவள் பாத்திரம் துலக்கினாள். சமைத்தவர்களும் பெண்கள், பசித்து நின்றவளும் பெண். நடுவே கிடந்த கதிரைகள் அனைத்தும் ஆண்களுடையவை. அந்தக் கடைக்காரர்மீது எனக்கு இன்றும் கோபமில்லை. அவர் செய்த வழக்கத்தையே அன்று எல்லோரும் செய்தனர்.

இவ்வனுபவத்தை நான் மறந்தே போயிருந்தேன். அதனை நினைவூட்டியது யாழ்ப்பாணத்தில் உண்ட ஒரு காலை உணவு. விடைத்தாள் திருத்தும் பணிக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் அங்கு சென்றிருந்தோம். திருநெல்வேலியில் உள்ள ‘அம்மாச்சி’ உணவகத்துக்கு என்னைச் சக ஆசிரியைகள் அழைத்துச் சென்றனர். அம்மாச்சி என்பது தாயின் தாயை அழைக்கும் சொல். 2009இல் யுத்தம் முடிந்ததன் பின்னர், கணவனை இழந்தும் தொழிலை இழந்தும் நின்ற பெண்கள் வடக்கிற் பல்லாயிரவர். அத்தகைய பெண்கள் தம் கைத்திறனைக் கொண்டே வாழ்வதற்கென, வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் முயற்சியால் இவ்வுணவகங்கள் ஏற்பட்டன. தென்னிலங்கையில் ‘ஹெல போஜுன்’ என்ற பெயரில் நடப்பவற்றை ஒத்த அமைப்பு இது. மரக்கறி உணவு மட்டுமே. அதுவும் நம் மண்ணின் உணவு.

அங்கு நான் கண்ட காட்சியைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். அடுப்பு பின்புறத்தில் இல்லை. வாடிக்கையாளரின் கண்முன்னே இருந்தது. ஒருத்தி தோசை வார்க்கிறாள், ஒருத்தி குரக்கன் புட்டு அவிக்கிறாள், ஒருத்தி வாழைப்பூ வடை பொரிக்கிறாள், ஒருத்தி இலைக்கஞ்சி ஊற்றுகிறாள். தான் செய்ததன் வருவாய் தனக்கே உரியது. அவர்களுள் ஒருத்தியிடம், “தங்கச்சி, இந்தப் புட்டு நல்லாயிருக்குது” என்றேன். “ஓம் ரீச்சர், எல்லாரும் சொல்லுறவை. வீட்டிலை இருபது வருசம் அவிச்சனான், ஒருத்தரும் சொல்லேல்லை” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பெண்ணியம் என்ற சொல் அங்கு எந்தப் பலகையிலும் என் கண்ணிற் படவில்லை. அந்தச் சொல்லைத் துணிந்து எழுதிக்கொண்ட ஓர் உணவகம் கடலுக்கு அப்பால் இருந்ததைப் பின்னர் அறிந்தேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில், கடற்கழி ஒன்றின் கரையில், 1977ஆம் ஆண்டு செல்மா மிரியம், நோயல் ஃபியூரி முதலிய பெண்கள் ‘பிளட்ரூட்’ என்ற மரக்கறி உணவகத்தைத் தொடங்கினர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது நடைபெற்றது. அப்பெயர் அந்நாட்டுக் காட்டுச் செடியொன்றின் பெயர். வேரைக் கீறினால் செந்நிறச் சாறு வடியும். மண்ணின் மேலே தனித்தனிச் செடிகளாகத் தோன்றுபவை மண்ணின் கீழே ஒரே கிழங்கினால் இணைந்திருக்கும். பெயரிட்டவர்களின் கருத்து விளங்குகிறதன்றோ?

அந்த உணவகத்தில் பரிமாறுவோர் எவரும் இருக்கவில்லை. கரும்பலகையில் எழுதியிருக்கும் உணவுகளைப் பார்த்து, வேண்டியதைச் சொல்லி, தயாரானதும் தாமே எடுத்துச் சென்று உண்டு, பாத்திரத்தையும் தாமே கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது. பெண் என்றால் பிறருக்குப் பின்னால் நின்று பரிமாறுபவள் என்ற எண்ணத்தை அவர்கள் தம் கடைக்குள் நுழையவிடவில்லை. நான் இதனை வாசித்தபோது நம் வீட்டுப் பந்திகளை எண்ணிக்கொண்டேன். எல்லோரும் உண்டு எழுந்தபின் அடிச்சட்டியில் எஞ்சியதை உண்ணும் தாய்மாரை அறியாதவர் நம்முள் யார்?

உணவோடு அங்கு நூல்களும் விற்கப்பட்டன. பெண்கள் எழுதிய நூல்கள், பெண்களைப் பற்றிய நூல்கள். ஓட்ரே லோர்ட், ஏட்ரியன் ரிச் போன்ற கவிஞர்கள் அங்கு வந்து வாசித்துள்ளனர். தம் சமையல் முறைகளையும் அவர்கள் 1980இல் தாமே நூலாக்கினர். அச்சிடுவதற்குப் பிறரை அணுகவில்லை. சொந்தப் பதிப்பகம் ஒன்றையே அமைத்தனர்.

உணவகமும் பெண் விடுதலையும் ஒரே கூரையின் கீழ் வந்தது அதுவே முதன்முறை என்று எண்ணிவிடலாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் வாக்குரிமை கேட்டுச் சிறை சென்ற பெண்கள் விடுதலையாகி வரும்போது, யூஸ்டஸ் மைல்ஸ் என்பவரின் மரக்கறி உணவகத்தில் அவர்களுக்குக் காலை விருந்து அளிக்கப்படுவதுண்டு. மதுவும் புகையும் மிகுந்த விடுதிகளுக்குள் தனியே செல்ல இயலாத பெண்கள், மதுவில்லாத மரக்கறிக் கடைக்குள் அச்சமின்றிச் சென்றனர். பெண்கள் விடுதலைச் சங்கமொன்று, முதலாம் உலகப் போர்க் காலத்தில் தன் அலுவலகத்திலேயே ‘மினர்வா’ என்ற பெயரில் ஒரு மரக்கறிச் சிற்றுண்டிச்சாலையை நடத்தியது. அச்சங்கத்தின் பத்திரிகையும் அதே முகவரியிலிருந்து வெளிவந்தது. இப்போராட்டத்திற் சிறை சென்ற மரக்கறியுணவினரான மார்கரட் கசின்ஸ் அம்மையார் 1915இல் இந்தியாவுக்கு வந்து, 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார்.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். மரக்கறிக் கடை என்றாலே யாவர்க்கும் திறந்த கடை என்று நம்மவர் பெருமை கொள்ள முடியாது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே சென்று சமமாக அமர்வதற்கே 1950களிலும் 1960களிலும் போராட வேண்டியிருந்தது. ‘சைவம்’ என்ற பலகைக்குக் கீழே எத்தனையோ பேர் வெளியில் நிறுத்தப்பட்டனர். எவர் அமரலாம், எவர் நிற்க வேண்டும் என்பதை ஒரு கதிரை சொல்லிவிடும். எனக்கு மறுக்கப்பட்டது ஒரு மாலைப் பொழுதின் கதிரை மட்டுமே. தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டவர்களின் துயரோடு அதனை ஒப்பிடமாட்டேன்.

நூலின் பக்கத்துக்கு வருகிறேன். சமையலும் நூலும் ஒன்றையொன்று அறியாதவை என்று கற்றவர் சிலர் எண்ணுகின்றனர். சென்னையில் 1951ஆம் ஆண்டு எஸ். மீனாட்சி அம்மாள் என்னும் அம்மையார் ‘சமைத்துப் பார்’ என்ற நூலைத் தாமே வெளியிட்டார். இளமையிலேயே கணவரை இழந்தவர் அவர். தம் கைப்பழக்கத்தை எழுத்தாக்கினார். அந்நூல் கடல் கடந்து எத்தனை மணப்பெண்களின் பெட்டிகளில் சென்றது! அளவும் பக்குவமும் எழுத்தில் ஏறியதும், அடுக்களையில் அறியப்படாது கிடந்த உழைப்புக்கு ஆசிரியர் பெயர் கிடைத்தது. பலகலைக்கழகத்திற் கலைப்பட்டம் பெற்ற எனக்கு இவ்வுண்மை விளங்க நெடுங்காலம் ஆயிற்று என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இனி என் பாடசாலைக்கு வருகிறேன். ஈராண்டுகளுக்கு முன் எங்கள் சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்கு விடும் காலம் வந்தது. வழக்கம்போல் வெளியார் ஒருவர் பெருந்தொகை கேட்டிருந்தார். அவ்வேளை மாணவரின் தாய்மார் ஐவர் சேர்ந்து ஒரு விண்ணப்பம் கொடுத்தனர். மூவர் இந்துக்கள், ஒருவர் இஸ்லாமியர், ஒருவர் கத்தோலிக்கர். அவர்கள் தரக்கூடிய தொகை மிகக் குறைவு. அபிவிருத்திக் குழுவிற் கடும் வாதம் எழுந்தது. பாடசாலைக்கு வரவேண்டிய பணத்தை விட்டுக்கொடுக்க அதிபருக்கு என்ன உரிமை என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், அந்தப் பணத்தில் கழிவறைக் கூரை ஒன்று திருத்தப்பட வேண்டியிருந்தது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கூரையையும் அந்த ஐவரையும் மாறி மாறி எண்ணினேன். இறுதியில் தாய்மாரின் பக்கமே பேசினேன். இருவர் வாக்கு மிகுதியால் அது நிறைவேறியது. கூரை திருத்த மேலும் ஒரு தவணை பிடித்தது. அதற்காக மாணவிகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

மரக்கறி உணவு மட்டும் என்பதைத் தாய்மாரே தீர்மானித்தனர். கடலோர ஊரில் மீனின்றி உணவா என்று சிலர் நகைத்தனர். ஆயினும் மூன்று சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து ஐயமின்றி உண்பதற்கு அதுவே எளிய வழியென்று இஸ்லாமியத் தாய் எடுத்துரைத்தபோது மறுப்பார் இல்லை. நூலகத்திற் கழித்து ஒதுக்கப்பட்டிருந்த கண்ணாடி அலுமாரி ஒன்றை அங்கே வைத்தோம். ராஜம் கிருஷ்ணன், கோகிலா மகேந்திரன், தாமரைச்செல்வி ஆகியோரின் கதைகளும், ‘சமைத்துப் பார்’ நூலும் அதில் இடம்பெற்றன.

ஒன்று மட்டும் எளிதில் நடக்கவில்லை. அந்த ஐவரும் அங்கே உட்கார்ந்து உண்ண மறுத்தனர். “நாங்கள் பிறகு சாப்பிடுவம் ரீச்சர், பிள்ளையள் முதல் சாப்பிடட்டும்” என்றனர். பிறகு என்றால் வீட்டுக்குப் போனபின், அங்கும் எல்லோருக்கும் பின். ஆகவே இடைவேளை முடிந்ததும் அரை மணி நேரம் கதவடைப்பதென்று ஒரு விதி எழுதி, அதிபரின் முத்திரையும் இட்டு ஒட்டினேன். விதிக்குப் பயந்து முதல் வாரம் அமர்ந்தனர். இரண்டாம் வாரம் பேசத் தொடங்கினர். பின்னர் ஒருத்தி அலுமாரியைத் திறந்தாள்.

சென்ற தவணை இறுதியில் நூலகப் பொறுப்பாசிரியை மனக்குறையோடு என்னிடம் வந்தார். ‘சமைத்துப் பார்’ நூலின் ஓரங்களில் யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள் என்றார். வாங்கிப் பார்த்தேன். சென்னை அளவுகளுக்குப் பக்கத்தில் நம் சுண்டுக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. ஓரிடத்தில், “தேங்காய்ப்பால் கூட வேணும்” என்றும், இன்னோரிடத்தில், “இது சரிவராது, செய்து பாத்தனான்” என்றும் இருந்தது. குறைந்தது மூன்று பேரின் கையெழுத்து. அழிக்க வேண்டாம் என்று ஆசிரியையிடம் கூறி, எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி நூலிற் கட்டி அலுமாரியருகே தொங்கவிடச் செய்தேன். இந்த வாரம் பார்த்தபோது முப்பது பக்கங்கள் நிறைந்திருந்தன.