ஐயத்திற்கும் ஒரு வாயில் வேண்டும்

தோழர்களே! பகைவர் இருவர் தந்த வாக்கை எங்ஙனம் நம்புவது என்று கேட்கின்றீர்கள். நம்ப வேண்டா, எண்ணிப் பார்த்தால் போதும்!

1987 டிசம்பரில் ரீகனும் கோர்பச்சேவும் நடுத்தொலைவு ஏவுகணை ஒழிப்பு உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். வோத்கின்ஸ்க் ஆலை வாயிலில் அமெரிக்க ஆய்வாளர் அமர்ந்தனர். யூட்டா மாநிலத்து மாக்னா ஆலை வாயிலில் சோவியத் ஆய்வாளர் அமர்ந்தனர். வெளிவந்த பெருவண்டிகளை அளந்தனர். 1991க்குள் 2,692 ஏவுகணைகள் அழிந்தன. ஐயம் அகன்றதாலா? அன்று, ஐயத்திற்கு ஆலை வாயிலிலேயே இடம் தந்ததால்!

2001இல் அவ்வாய்வுக்காலம் முடிந்தது. பின்னர் ஒருவரையொருவர் மீறியதாகக் குற்றஞ்சாட்டினர். நேரில் சென்று அளந்து தீர்ப்பாரில்லை. 2019 ஆகஸ்டில் உடன்படிக்கையே மாண்டது.

ஆதலின் தோழர்களே, புதிய ஒப்பந்தம் என்று முரசு கொட்டப்படும்போதெல்லாம் கேளுங்கள்: ஒப்பமிட்டவர் யார் என்றன்று, சரிபார்ப்பவர் யார் என்று!