மருந்துண்ணும் நாளில் வெயில் காப்பு
(பூதப்பாண்டியில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் 'சி' நோய் இரத்தத்தின் வழியே பரவுவது. உடனமர்ந்து உண்பதால் பரவுவதன்று. 2018 சூலை 28இல் தொடங்கப்பெற்ற தேசியத் திட்டத்தின்படி, இதற்கென அமைந்த அரசுச் சிகிச்சை மையங்களில் மருந்து இலவசம். பெரும்பாலோர்க்கு 12 வார மாத்திரைகளே போதும்.

ஈரல் மிக நலிந்த சிலர்க்கு ரிபாவிரின் என்னும் மருந்தும் சேர்த்துத் தரப்படுவதுண்டு. அதனால் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தோன்றும். வெயில் பட்டால் எளிதில் சிவந்து எரியும். இதற்கு அஞ்சித் தாமாகவே மருந்தை நிறுத்தலாகாது. நிறுத்தினால் நோய் தீராமற் போகலாம். உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

நம் நாஞ்சில் நாட்டில் சித்திரைத் தொடக்கத்தையொட்டியும் ஆவணி நடுவிலும் கதிரவன் உச்சிக்கு நேரே நிற்கிறான். கன்னிப்பூ விதைப்பும் அறுவடையும் அக்காலத்தையே ஒட்டி வருகின்றன. ஆகவே, வயல் வேலைக்குச் செல்லலாமா என்பதை மருத்துவரிடம் முதலில் கேட்டறிக. அவர் இசைந்தால், காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் வேலை செய்க. முழுக்கைச் சட்டையும், காதையும் கழுத்தையும் மறைக்கும் தலைத்துண்டும் அணிக. மேகமூட்டமான நாளிலும் இக்காப்பு வேண்டும். வெயில் தடுப்புக் களிம்பை மருத்துவர் சொற்படி பூசலாம்.

கூலிக்கு உழைப்போர்க்கு வேலை நேரம் அவர் கையில் இல்லை. அவர்க்குச் சில வாரம் நிழலில் செய்யும் வேலையைக் கூலி குறையாமல் அளித்திடுக. காரணத்தைப் பலரறியக் கேளாதிருங்கள். மருந்து அரசு தருகிறது. நிழலை ஊரார் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.