செத்த ஆமையை எதுக்கு எண்ணணும்?

நம்ம ஆர்.கே.பேட்டையில கடல் இல்ல. ஆனா இன்னைக்குப் பேச்சு கடலாமை பத்தி.

2025 ஜனவரியில சென்னைக் கரையில நூத்துக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்குச்சு. ஆமை மூச்சு விட மேல வந்தாகணும். இழுவலையில சிக்கினா மூச்சு முட்டிச் செத்துடும்.

சென்னையில மாணவர்கள் 1988-லிருந்து சீசன்ல ராத்திரி கரையோரம் நடந்து, முட்டைக்குழிகளோட செத்த ஆமைகளையும் எண்ணிட்டு வர்றாங்க. லாக் இல்லாத சர்வர்ல கோளாறு எப்ப ஆரம்பிச்சதுன்னே தெரியாதுல்ல? அதே கதைதான். பழைய கணக்கு இருந்தாதான் 'இந்த வருஷம் வழக்கத்தைவிட அதிகம்'னு அடிச்சுச் சொல்ல முடியும்.

ஒண்ணு கவனிங்க: கடல்லயே மூழ்கினது இதுல வராது. கரைக்கணக்கு குறைந்தபட்சம்தான்.

ஆமை தப்பிச்சுப் போக வலையில வழி வைக்கிற கருவி இருக்கு. அது பலன் தருதான்னும் இந்த எண்ணிக்கைதான் சொல்லணும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.