ஓடியவர்கள் பக்கம்

(கறம்பக்குடி குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பழைய செய்யுளும் இன்றைய மாணவரும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்பை அரை மணி நேரத்தில் என்னால் சுமக்க முடியாது. ஒரு பாடம், ஒரு வகுப்பு, நான் செய்த ஒரு தவறு, இவற்றை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

எட்டாம் வகுப்புத் தமிழில் 'படை வேழம்' என்ற பாடத்தை இங்கே பலர் நடத்தியிருப்பீர்கள். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிலிருந்து எடுத்த பகுதி. முதல் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்துக்குள் நுழைகிறது. அதைக் கண்ட கலிங்க வீரர்கள் சிதறி ஓடுகிறார்கள். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டு.

நான் அப்போது ஆலங்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். 2022-23 கல்வியாண்டு. பொன்னியின் செல்வன் படம் வந்திருந்த நேரம். வகுப்பில் பாதிப் பையன்கள் தங்களை வந்தியத்தேவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நம் பகுதிப் பிள்ளைகளுக்குச் சோழன் என்றால் தூரத்து ராஜா இல்லை. பேருந்து ஏறினால் பெரிய கோயில். அதனால் பாடத்தின் தலைப்பைச் சொன்னதுமே வகுப்பு எழுந்து உட்கார்ந்துவிட்டது. செய்யுள் பாடத்துக்கு இப்படி ஒரு வரவேற்பு எப்போதாவதுதான் கிடைக்கும்.

கருணாகரத் தொண்டைமான் என்றதும் ஒருவன் கேட்டான், "நம்ம புதுக்கோட்டை ராஜாவா ஐயா?" ஆசையான கேள்விதான். ஆனால் 'ஆமாம்' என்று தலையாட்டக் கூடாத கேள்வி. இந்தத் தொண்டைமான் வண்டை நகருக்குரியவன், பல்லவர் வழி என்று சொல்லப்படுபவன். புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் அரசேற்றது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இடையில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. சொன்னதும் முகம் வாடிவிட்டது. வாடட்டும்; அடுத்த வாரம் அவனே இன்னொருவனுக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தான்.

பரணி என்றால் என்ன என்று சொன்னேன். போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடுவது. உடனே பின் வரிசையிலிருந்து, "யானை என்ன ஐயா பாவம் பண்ணுச்சு?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு மேலே போய்விட்டேன். இன்று அந்தக் கேள்வி வந்தால் அப்படிப் போக மாட்டேன். யானை இறந்த செய்தியைக் கைப்பேசியில் பார்த்து அழும் பிள்ளைகள் இவர்கள். ஆயிரம் யானை என்பது அந்தக் காலத்து வாசகருக்குப் பெருமையின் அளவு, இவர்களுக்கு அது சாவின் எண்ணிக்கை. அந்த வித்தியாசத்தை வகுப்பில் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

அடுத்து பாட்டுக்கு வந்தேன். நான் கொஞ்சம் நடித்துக் காட்டித்தான் நடத்துவேன். சிலர் கடலில் பாய்கிறார்கள், சிலர் யானைக்குப் பின்னால் மறைகிறார்கள், சிலர் குகைக்குள் இறங்குகிறார்கள், சிலர் புதருக்குள் புகுகிறார்கள், இரண்டு பேர் ஒரே வழியில் போகவில்லை. மேசைக்கு அடியில் புகுந்து காட்டினேன். 'அருவர்' என்று அலறுகிறார்கள், அருவர் என்றால் தமிழர் என்றேன். கைதட்டல். பாடம் வெற்றி என்று நினைத்துக்கொண்டு ஓய்வறைக்குப் போனேன்.

சில நாள் கழித்து ஒரு சிறு தேர்வு வைத்தேன். சோழர் படையைக் கண்ட கலிங்க வீரர்களின் நிலை என்ன என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள். கலிங்க வீரர்கள் பயந்து ஓடினார்கள். அவர்கள் கோழைகள் இல்லை. ஆளுக்கு ஒரு வழியாகப் போனால் பிறகு ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மூன்றாவது வரி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. 'பாடத்தில் இல்லாதது' என்று சிவப்பு மையில் எழுதி, ஒரு மதிப்பெண் குறைத்துத் தாளைக் கொடுத்துவிட்டேன்.

அவள் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிறவள். எனக்குத் தெரியும், வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளைத் திருத்தும்போது என் நினைவில் அது இல்லை. அவள் பிறந்ததே தமிழ்நாட்டில்தான். பள்ளியில் நம்மைப் போலவேதான் பேசுவாள். எப்போதாவது 'அம்மம்மா' என்ற சொல்லில்தான் வீடு தெரியும்.

மறுநாள் இடைவேளையில் வந்தாள். "மார்க்குக்காகக் கேக்கல ஐயா" என்றுதான் தொடங்கினாள். "ரெண்டு பேர் ஒரே வழியில போகலன்னு நீங்கதானே சொன்னீங்க. அது பாடத்துலதானே இருக்கு?"

இருக்கிறது. நான்தான் அதை வேடிக்கையாகச் சொல்லியிருந்தேன்.

பிறகு அவள் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். அவளுடைய அம்மம்மா 1990-இல் போர் மூண்டபோது படகில் வந்தவர். ஊரைவிட்டு ஓடிய இரவில் அவரும் அவருடைய தங்கையும் வேறு வேறு பக்கம் போய்விட்டார்கள். இவர் மண்டபம் வந்து சேர்ந்தார். தங்கை எங்கே என்று தெரியவர வெகுகாலம் ஆயிற்று. "நீங்க மேசைக்கு அடியில போனப்ப எல்லாரும் சிரிச்சாங்க ஐயா. எனக்குச் சிரிப்பு வரல." இவ்வளவுதான் சொன்னாள். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. விடுப்புக்குக் காரணம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்று மாலை நூலை எடுத்து உட்கார்ந்தேன். முதுகலை படித்தபோது வாசித்த நூல்தான். தேர்வுக்குப் படித்ததும் இப்போது படித்ததும் ஒன்றாக இல்லை.

என் கண்ணில் முதலில் பட்டது நூலின் பெயர். வென்றவன் சோழன். ஆனால் நூலுக்குக் கலிங்கத்தின் பெயர். தோற்றவர் பெயரால் பரணியை அழைப்பது மரபு. ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியும் அழிந்த தக்கனின் பெயரைத்தான் தாங்குகிறது. இதை ஆண்டுதோறும் ஒரு மதிப்பெண் குறிப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன். தோற்றவர்களைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டால் நூலின் அட்டையிலேயே அதற்கு இடம் இருக்கிறது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்து, தப்பி ஓடியவர்கள் மாறுவேடம் போடும் பகுதி. வில்லின் நாணைப் பூணூலாகப் போட்டுக்கொண்டு அந்தணர் என்கிறார்கள். தலைமயிரைப் பறித்துக்கொண்டு சமணர் என்கிறார்கள். பாணர் என்று சொல்லிப் பிழைக்கிறார்கள். செயங்கொண்டார் இதை நகைச்சுவையாகத்தான் எழுதினார். அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் சோழனின் அவைப் புலவர், அவை சிரிக்க வேண்டும். ஆனால் உயிர் பிழைக்க ஒருவன் கையில் கிடைத்ததைக் கொண்டு என்னவெல்லாம் ஆவான் என்பதை அவர் கூர்ந்து பார்த்திருக்கிறார்.

களம் காட்டும் பகுதியில் ஒரு பெண் வருகிறாள். பிணங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு, என் கணவர் கிடக்கும் இடம் எங்கே என்று பிணம் தின்னும் இடாகினியிடம் கேட்கிறாள். அவள் சோழ நாட்டவளா, கலிங்கத்தவளா என்று படிக்கும்போது கேட்கத் தோன்றவில்லை. பேய்கள் கூழ் அடும் ஆரவாரத்துக்கு நடுவே அந்த ஒரு பாட்டு நிற்கிறது. வெற்றியைப் பாட உட்கார்ந்தவர் இதையும் ஏன் எழுதினார்? என் மாணவி கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்காது.

இதில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கதையைக் கேட்ட நண்பர் ஒருவர், "அப்படியானால் போரைப் புகழும் பாடத்தையே எடுத்துவிடலாமே" என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அவள் இதை எங்கே எழுதியிருப்பாள்? 'போர் தீது' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியையிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு பழைய ஆங்கிலக் கவிதையைச் சொன்னார். 991-இல் மால்டன் என்ற இடத்தில் வைக்கிங்குகளோடு நடந்த போரைப் பற்றியது. தலைவன் விழுந்ததும் ஒருவன் அந்தத் தலைவனின் குதிரை மேலேயே ஏறி ஓடிவிடுகிறான். தலைவனே ஓடுவதாக நினைத்துப் படை கலைகிறது. ஓடியவனின் பெயரைக் கவிதை பதிந்து வைத்திருக்கிறது, ஆயிரம் ஆண்டுக்குமான அவமானம். கலிங்கத்து வீரர்களுக்கு அந்தப் பெயர்கூட இல்லை. எங்கே ஓடினாலும் அவர்கள் 'சிலர்', 'சிலர்' மட்டுமே.

அடுத்த வகுப்பில் பாடத்தை மறுபடி எடுத்தேன். அவள் பெயரையோ கதையையோ சொல்லவில்லை; அது அவளுடையது. ஆறாம் வகுப்பில் படித்த அசோகரை நினைவுபடுத்தினேன். "அது இதே கலிங்கமா ஐயா?" என்று நாலைந்து குரல். அதே கலிங்கம்தான், இடையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல். தன் போரில் ஒரு லட்சம் பேர் இறந்ததாகவும், ஒன்றரை லட்சம் பேர் ஊரைவிட்டுக் கொண்டுபோகப்பட்டதாகவும் சொல்லி அசோகர் வருந்தியது பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் கலிங்கத்துக்குள்ளேயே இருக்கும் தவுளியிலும் ஜவுகடாவிலும் அந்தக் கல்வெட்டை வெட்டவில்லை. ஏன் என்று பிள்ளைகளே யோசித்தார்கள். "அடிபட்டவங்ககிட்டப் போய் எப்படி ஐயா சொல்வாரு?" என்றாள் ஒருத்தி. அதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

பிறகு ஒரு பத்தி எழுதச் சொன்னேன். நீ அந்தக் களத்திலிருந்து ஓடுகிறாய், எந்த வழியாகப் போவாய்? சோழன் சோழன் என்று குதித்த பையன், யானைக்குப் பின்னால் ஒளிவேன், யானை என்னைக் காட்டிக்கொடுக்காது என்று எழுதினான். இன்னொருவன் கஜா புயல் இரவில் தங்கள் வீட்டார் பக்கத்து மாடி வீட்டுக்கு ஓடியதை எழுதினான், பாட்டியைத் தூக்கிக்கொண்டு போனதால் எல்லோரும் ஒரே வழியில் போனார்களாம்.

அவள் தாளில் குறைத்த மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். 'பாடத்தில் இல்லாதது' என்று எழுதியதை அடித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டேன். வாங்கிக்கொண்டு, "அம்மம்மாகிட்டப் பாட்ட வாசிச்சுக் காட்டினேன் ஐயா" என்றாள். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கடல்ல பாஞ்சவங்களுக்கு நீந்தத் தெரியுமான்னு கேட்டாங்க."